இண்டிகஸா, இண்டிகாவா, இண்டிகமா?

பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் அறிவியல் பெயர் எழுத எள் செடியை வைத்திருந்தார்கள். மாமரத்துக்கு மாஞ்சிஃபெரா இண்டிகா, வேம்புக்கு அசாடிராக்டா இண்டிகா என்று மனப்பாடம் செய்த வேகத்தில் 'செசாமம் இண்டிகா' என்று எழுதிவிட்டேன். செசாமம் இண்டிகம் என்பதே சரி. ஒரு மார்க் போனது. அந்தக் கடைசி எழுத்துகளுக்கு ஓர் இலக்கணம் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

'இந்தியாவைச் சேர்ந்த' என்ற பொருளுள்ள இந்த லத்தீன் பெயரடை, பேரினப் பெயரின், அதாவது அறிவியல் பெயரில் வரும் முதல் சொல்லின், பாலைப் பார்த்து மாறும். ஆண்பாலுக்கு இண்டிகஸ், பெண்பாலுக்கு இண்டிகா, நடுப்பாலுக்கு இண்டிகம். தமிழில் 'நல்ல' எதற்கும் மாறாது என்பதால் நமக்கு இது சட்டென்று உறைப்பதில்லை. நல்லவன், நல்லவள், நல்லது என்று நினைத்துக்கொள்ளுங்கள், பிடிபட்டுவிடும்.

சிக்கல் புளியமரத்தில் வரும். டாமரிண்டஸ் என்பது ஆண்பால் போலத் தெரிகிறது, ஆனால் தாவரங்களுக்கு இரண்டு சொல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் டாமரிண்டஸ் இண்டிகா. லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா ஆனதும் இதனால்தான்.

சில பெயரடைகளுக்கு இரண்டே வடிவம்: ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒன்று, நடுப்பாலுக்கு இன்னொன்று. நெல்லியின் பழைய பெயர் எம்பிளிகா அஃபிசினாலிஸ், இஞ்சி நடுப்பால் என்பதால் ஜிஞ்சிபெர் அஃபிசினாலே. கரும்பின் சக்காரம் அஃபிசினாரம் மட்டும் வேறு கதை. அது பெயரடையே அல்ல, வேற்றுமை ஏற்ற பன்மைப் பெயர்ச்சொல். அதனால் எந்தப் பாலுக்கும் மாறாது.

சரி, வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இந்தப் பெயர்களை எப்படி உச்சரிப்பது? குறில் நெடில் தெரிந்த நமக்கு இது எளிது. ஈற்றயல் அசை (கடைசிக்கு முந்தைய அசை) நெடிலாக இருந்தாலோ, குறிலும் ஒற்றுமாக இருந்தாலோ அழுத்தம் அங்கே. இல்லையென்றால் அதற்கு முந்தைய அசையில். இண்-டி-கா: 'டி' வெறும் குறில், ஆகவே 'இண்' அழுந்தும். கடைசி 'கா'வை நீட்டுவது நம் பழக்கம், லத்தீனில் அது குறில்தான். நெல்லின் ஒரைசா சதீவாவில் 'தீ' நெடில், அழுத்தம் அதில். ஆங்கில வழியில் அதையே 'சட்டைவா' என்பார்கள். தேர்வாளர் அப்படிச் சொன்னால் தயங்க வேண்டாம், உயிரொலி மாறினாலும் அழுத்தம் விழும் இடம் ஒன்றுதான்.

அடுத்த செமஸ்டருக்கு நான் நோட்டில் செடிகளைக் குடும்ப வாரியாக எழுதாமல், பேரினத்தின் பால் வாரியாக மூன்று பக்கங்களில் எழுதினேன். இரண்டு சொற்களையும் சேர்த்தே வாய்விட்டுப் படித்தேன். செசாமத்தோடு இண்டிகம் தானாக வர ஒரு வாரம் போதுமாக இருந்தது. அப்புறம், கையால் எழுதும்போது இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போடுங்கள்.