ரெண்டு செகண்ட் சிலை

லேப்டாப் ஒரேயடியாகக் கெட்டுப்போனால் துக்கம் ஒரு நாளில் முடிந்துவிடும். கடைக்கு எடுத்துப் போவோம், இவ்வளவு ஆகும் என்பார்கள், வயிற்றெரிச்சலோடு கொடுத்துவிட்டு வருவோம். எங்கள் வீட்டு லேப்டாப் கெடவில்லை. நன்றாகத்தான் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ரெண்டு செகண்ட் நிற்கும். மவுஸ் அம்பு நகராது, அடித்த எழுத்து திரைக்கு வராது. அப்புறம் மொத்தமாக வந்து கொட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மேலே போகும்.

நான் இருப்பது திருச்சி, சம்பளம் வருவது சென்னையிலிருந்து. தினமும் காலை எட்டரைக்கு வீடியோ மீட்டிங். மற்ற நேரத்தில் ஒரு தடவை நின்றால் மீட்டிங்கில் நாலு தடவை நிற்கும். அதிலும் ஒரு விசேஷம்: என் குரல் போய்க்கொண்டே இருக்கும், முகம் மட்டும் நின்றுவிடும். நின்ற முகம் ஒருநாளும் பார்க்கிற லட்சணத்தில் நின்றதில்லை. ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி திறந்து, தும்மலுக்கும் கொட்டாவிக்கும் நடுவில் ஏதோ ஒரு நிலை. குழுவில் ஒரு புண்ணியவான் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் ஸ்டிக்கராகவே ஆக்கிவிட்டார். யாருக்காவது பிறந்தநாள் என்றாலும் அதைத்தான் போடுகிறார்கள், சர்வர் படுத்துவிட்டாலும் அதைத்தான் போடுகிறார்கள்.

லேப்டாப் என் மகன் பார்த்து வாங்கியது. கேமிங் லேப்டாப். "உங்க வேலைக்கும் ஆகும், என் படிப்புக்கும் ஆகும்ப்பா" என்றான். மூன்றாவதாக எதற்கு ஆகும் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஹாஸ்டலுக்குப் போகும்போது எடை குறைந்ததாக வேறொன்றை வாங்கிக்கொண்டு, இந்த இரண்டரை கிலோவை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். திரை 144 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும். எக்ஸெல் ஷீட்டுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள்.

வைத்தியம் எதிர் வீட்டிலிருந்து ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: டெஸ்க்டாப்பில் ரைட் க்ளிக், ரீஃப்ரெஷ். அதை நேர்த்திக்கடன் போலக் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை செய்வார். ரீஃப்ரெஷ் என்பது ஐகான்களைத் திரும்ப ஒருமுறை வரைவது, அவ்வளவுதான். மெமரியும் காலியாகாது, வேகமும் கூடாது. சொன்னேன். "பண்றதுல என்ன சார் நஷ்டம்?" என்றார். நஷ்டம் இல்லைதான்.

அடுத்து மச்சினன். பெங்களூரில் இருக்கிறான், போனிலேயே ஆபரேஷன் செய்யக்கூடியவன். "மாமா, முதல்ல டாஸ்க் மேனேஜர் திறங்க. நிக்கிற நேரத்துல டிஸ்க் 100 சதவீதம் காட்டுதான்னு பாருங்க" என்றான். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவதுதான் டாஸ்க் மேனேஜர். நிற்கிற நேரத்தில் அதுவும் சேர்ந்துதானே நிற்கிறது, அதில் எதைப் பார்ப்பது? விடுபட்ட பிறகு பார்த்தால் டிஸ்க் 3 சதவீதத்தில் சமர்த்தாக இருந்தது. அந்த டிஸ்க்கின், அதாவது எஸ்எஸ்டியின், உடல்நிலையைக் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம், நலம் என்றது. ராத்திரி முழுக்க ரேம் சோதனை ஓடியது, அதுவும் நலம். சூட்டைப் பார்த்தோம். பிராசஸர்கள் நூறு டிகிரியை நெருங்கும்போதுதான் தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம்முடையது எழுபதைத் தாண்டவில்லை. வீட்டில் எல்லாருடைய ரிப்போர்ட்டையும்விட இதன் ரிப்போர்ட்தான் நன்றாக இருந்தது.

மச்சினன் சளைக்கவில்லை. "ரைசன் பிராசஸர்தானே? அப்ப எஃப்டிபிஎம்!" என்று குதித்தான். இது நிஜமாகவே நடந்த கதை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கட்டாயம் வேண்டும் என்றது. ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி அதைத் தனிச் சிப்பாக வைக்காமல், ஃபர்ம்வேர் என்ற உள்ளே பதித்த மென்பொருளுக்குள்ளேயே தந்திருந்தது. அதுதான் எஃப்டிபிஎம். அது மதர்போர்டில் இருக்கும் குட்டி மெமரிச் சிப்போடு அவ்வப்போது பேச வேண்டும். அந்தப் பேச்சு நீண்டுவிட்டால் மொத்தக் கம்ப்யூட்டரும் கைகட்டிக் காத்திருக்கும். உலகம் முழுக்கப் பாட்டு கேட்டவர்களுக்கும் கேம் ஆடியவர்களுக்கும் திக்கித் திக்கி வந்தது. 2022 மார்ச்சில் ஏஎம்டி ஒப்புக்கொண்டு, மே மாதத்திலிருந்து பயோஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டில் சரிசெய்யத் தொடங்கியது. எங்கள் லேப்டாப்பின் பயோஸ் அதற்கெல்லாம் பிந்தியது. மச்சினனுக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. "எதுக்கும் ஒரு தடவை அப்டேட் பண்ணிப் பாருங்களேன்" என்றான்.

அப்புறம் லேட்டன்ஸிமான் என்று ஒன்றை ஓடவிட்டான். டிரைவர் என்பது ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் குட்டி மென்பொருள். எந்த டிரைவர் கம்ப்யூட்டரை அதிக நேரம் பிடித்துவைக்கிறது என்று பெயரோடு போட்டுக்கொடுக்கும் மென்பொருள். அது ஏசிபிஐ டிரைவரைக் கை காட்டியது. மின்சாரம், பேட்டரி சமாசாரங்களைக் கவனிக்கும் டிரைவர் அது. உடனே மச்சினன் டிவைஸ் மேனேஜரில் பேட்டரியை டிஸேபிள் செய்யச் சொன்னான். சில லேப்டாப்புகளில் இதனால் குணமாவது உண்டு. நமக்குப் பேட்டரிப் படம்தான் திரையிலிருந்து காணாமல் போயிற்று, வியாதி போகவில்லை. மறுபடியும் எனேபிள் செய்தேன்.

கடைசியில் சர்வீஸ் சென்டர். எங்கே என்று சொல்ல வேண்டாம். கொடுத்த மறுநாள் கூப்பிட்டு, "நாள் பூரா ஓட விட்டோம் சார், ஒரு தடவைகூட நிக்கல" என்றார்கள். நிற்காதது நல்ல செய்திதான் என்றாலும் சும்மா திருப்பித் தர மனம் வராமல் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு, அதற்கு ஒரு தொகையும் போட்டிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த மறுநாள் காலை எட்டு முப்பத்தெட்டுக்கு நின்றது.

இதற்கு நடுவில் வீட்டில் இன்னொரு வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் மிக்ஸி. "அரைக்கும்போது விக்குதுடா, பழசாயிருச்சு, மாத்திரலாம்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் ஒன்றைப் பார்த்து, காலண்டருக்குப் பின்னால் அந்தப் பேப்பரைச் செருகியும் வைத்திருந்தார். அது சமையலறை இலாகா, இது என் இலாகா. இரண்டையும் யாரும் ஒரே ஃபைலில் வைத்துப் பார்க்கவில்லை.

திருப்பம் கேப்ஸ் லாக்கில் வந்தது. மச்சினனின் கடைசி யோசனை: நிற்கும்போது கேப்ஸ் லாக்கைத் தட்ட வேண்டும். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, திரைதான் சிக்கியிருக்கிறது. எரியாவிட்டால் உள்ளேயே ஸ்தம்பித்திருக்கிறது. கிடைப்பது ரெண்டு செகண்ட். ஆகவே மீட்டிங் முழுக்க இடது சுண்டு விரலைக் கேப்ஸ் லாக்கிலேயே வைத்துக்கொண்டு, கண்ணைக் கீபோர்டிலேயே நட்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜர், "என்ன சார், ரொம்பச் சோர்வா இருக்கீங்க?" என்றுகூடக் கேட்டார். நின்றது. தட்டினேன். விளக்கு எரிந்தது. ஆனால் அதைவிட முக்கியமான இன்னொன்று கண்ணில் பட்டது. இடது ஓரத்தில் சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை விளக்கு. அது அணைந்து, திரும்ப எரிந்தது.

கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் பதிவேட்டை, ஈவென்ட் வியூவரை, திறந்தேன். இதற்கு முன் எல்லாரும் அதைத் திறந்தவர்கள்தான். ஆனால் சிவப்பு, மஞ்சள் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தார்கள். நீல நிறத்துத் தகவல் வரிகளை யார் படிப்பார்? அதில்தான் வரிசையாக நின்றது: கெர்னல் பவர், எண் 105, 'மின் மூலம் மாறியது'. சார்ஜரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு, திரும்பப் பேட்டரிக்கு. எல்லாவற்றுக்கும் நேரம் போட்டிருந்தது. காலையில் எட்டரையை ஒட்டி ஒரு கொத்து, முற்பகலில் ஒரு கொத்து, ராத்திரி ஏழரைக்கு ஒன்றிரண்டு.

அந்த நேரங்களைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் தாளிப்பு வாசனை அடித்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நேத்து காலைல எட்டு நாப்பதுக்கு என்னம்மா பண்ணின?"

"என்னடா, விசாரணையெல்லாம் பலமா இருக்கு? தோசைக்குத் தேங்காய்ச் சட்னி."

"எட்டு நாப்பத்திமூணு?"

"பொட்டுக்கடலை சரியா மசியல. இன்னொரு சுத்து விட்டேன்."

"பதினொண்ணு இருபது?"

"மோர்க்குழம்புக்கு அரைச்சேன்."

"ஞாயித்துக்கிழமை காலைல ஒண்ணுமே இல்லையே?"

"அன்னிக்குத்தான் முந்தின நாள் சாம்பார் இருந்துச்சே, இட்லிக்கு அதையே சுட வச்சேன்." சொல்லிவிட்டு அம்மா லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தார். "இதெல்லாம் அந்தப் பொட்டி எழுதி வச்சிருக்கா?"

"ஆமாம்மா."

"மத்தியானம் நான் தூங்குறது?"

அது எழுதாது என்று சொல்லியும் நம்பவில்லை. அன்றிலிருந்து லேப்டாப் பக்கத்தில் வந்தால் சின்ன மாமியார் வீட்டு விஷயங்களைக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்.

நேரில் சோதித்துப் பார்க்க மிக்ஸியைப் போடச் சொன்னேன். காலி ஜாரைச் சுற்றினால் பிளேடு போய்விடும் என்று அம்மா மறுத்துவிட்டார். சோதனைக்காக மல்லி வறுத்து ஆறவைக்க வேண்டியதாயிற்று. அம்மா விட்டு விட்டுத் திருகத் திருக, வெள்ளை விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது, திரை நின்று நின்று ஓடியது. இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரால் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது பின்கட்டில் வேறு பாயின்ட்டில் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஹாலில் என் மேஜைக்குப் பக்கத்துப் பாயின்ட் எப்போதோ செத்துவிட்டது. எலக்ட்ரீஷியன் 'நாளைக்கு வர்றேன் சார்' என்று சொல்லிப் பல மாதம் ஆகிறது. அதனால் சமையலறைப் பாயின்ட்டில் ஒரு மல்டி பிளக், அதில் ஒரு பக்கம் மிக்ஸி, இன்னொரு பக்கம் என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மல்டி பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். பித்தளைக் கால்களில் ஒன்று கறுத்து, விளிம்பில் பொடிப்பொடியாகப் பள்ளம் விழுந்திருந்தது. சுவரில் அந்தக் கால் போகிற துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீக்கறை நிறத்துக்கு வந்திருந்தது. பிடிப்பே இல்லை, ஒரு விரலால் ஆட்டினால் ஆடியது.

750 வாட் மிக்ஸி 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும், கிளம்பும்போது இன்னும் கூடுதலாக. அந்த இழுப்பும் மேடையின் அதிர்வும் சேர்ந்தால் லூஸ் பின்னில் மின்சாரம் விட்டு விட்டு வரும். மிக்ஸி அதைத்தான் விக்கியது. சார்ஜர் மில்லி செகண்ட் கணக்கில் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் கையை விரித்துவிடும். லேப்டாப் உடனே பேட்டரிக்குத் தாவும். கேமிங் லேப்டாப்புக்குப் பேட்டரிக்குத் தாவுவது லேசான காரியமா? மின்சாரத்தை மிச்சப்படுத்த 144 ஹெர்ட்ஸை 60 ஆக்க வேண்டும், பெரிய கிராஃபிக்ஸ் கார்டைத் தூங்கப் போட வேண்டும், பிராசஸர் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் செய்து நிமிர்வதற்குள் சார்ஜர் திரும்பி வந்துவிடும். மறுபடியும் எல்லாவற்றையும் எழுப்ப வேண்டும். அந்த நேரம்தான் என் முகம் சிலையாக நின்ற நேரம். டெஸ்க்டாப்பாக இருந்திருந்தால் முதல் சட்னிக்கே ஆஃப் ஆகிக் காரணம் தெரிந்திருக்கும். பேட்டரி இருந்ததால் விஷயம் மூடி மறைக்கப்பட்டது.

எலக்ட்ரீஷியன் வரும்வரை டிஸ்ப்ளே செட்டிங்கில் திரையை 60 ஹெர்ட்ஸிலேயே நிறுத்திவைத்தேன். பாதி குணம் தெரிந்தது. அம்மாவும் தன் பங்குக்கு, மிக்ஸியைத் திருகுவதற்கு முன் "டேய், போடப்போறேன்!" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். மைக்கில் அது துல்லியமாகக் கேட்கும். மேனேஜரே ஒருநாள், "சார், இன்னிக்கு என்ன, புதினாவா?" என்று கேட்டார்.

எரிந்த பிளாஸ்டிக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் எலக்ட்ரீஷியன் அன்று மாலையே வந்துவிட்டார். "தீப்பிடிக்காம இருந்ததே பெரிய விஷயம் சார்" என்று ஏதோ வேறு யாரோ மாதக்கணக்கில் வராமல் இருந்தது போலச் சொன்னார். சமையலறையில் புது சாக்கெட், ஹால் பாயின்ட்டுக்குப் புது வயர். மல்டி பிளக் குப்பைக்குப் போயிற்று. மொத்தச் செலவு சர்வீஸ் சென்டரில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. மச்சினனிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லது மாமா, அப்படியே அந்தப் பயோஸையும் அப்டேட் பண்ணிருங்க" என்றான்.

இப்போது லேப்டாப் நிற்பதில்லை. மிக்ஸியும் விக்குவதில்லை. அதில் சந்தோஷப்படாத ஒரே ஆள் அம்மா. விளம்பரப் பேப்பர் இன்னும் காலண்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது.

"நேத்துகூட விக்குச்சுடா" என்றார்.

ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினேன். "பாரும்மா, நேத்து ஒரு 105கூட இல்ல."

அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. "அது உன் பொட்டி. உனக்குச் சாதகமாத்தான் எழுதும்."