மஸ்கட் நோட்டு

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி நோட்டுகளோடு சேராத ஒன்று அவளிடம் இருக்கிறது. அட்டையில் பெரிதாக 'மஸ்கட்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அவள் அப்பா ஒன்பது வருடமாக அங்கே எலக்ட்ரீஷியன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். இந்தக் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு நாங்கள் போகலாம் என்று ஜூனில் முடிவானது. "கணக்கு வழக்கு எல்லாம் உன் பொறுப்பு மக்ளே" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. தசம எண்களில் அவள் தடுமாறிக்கொண்டே இருந்தாள், எனக்கு அது பெரிய கவலை.

ஒமான் ரியாலுக்கு 1000 பைசா. நமக்குப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம், அவர்களுக்கு மூன்று. அப்பா அனுப்பிய கடை பில்லில் ஜூஸ் 0.300, குப்பூஸ் ரொட்டி 0.200, அரிசி 2.750 என்று இருந்தது. முதல் நாள் 0.300 என்பது 0.5ஐ விடப் பெரியது என்றாள். 300 பெரிதல்லவா! நான் திருத்தவில்லை. இரண்டையும் ரூபாயில் எழுதச் சொன்னேன். அன்றைக்கு ரியாலுக்கு ஏறத்தாழ 220 ரூபாய். ஒன்று 66, இன்னொன்று 110 என்று வந்தது. பில்லையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் தானே அடித்துத் திருத்தினாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அன்றைய ரேட்டைக் குறித்து வரைபடம் போடுகிறாள். கோடு மெல்ல ஏறியது. "எம்மா, ரியால் கூடினா நமக்கு லாபமா நஷ்டமா?" என்று கேட்டாள். ரியால் 1986 முதல் டாலரோடு ஒரே மதிப்பில் கட்டப்பட்டது, ஏறத்தாழ 2.60 டாலர். ஆகவே கோடு ஏறினால் ரியால் வளரவில்லை, ரூபாய் இறங்கியிருக்கிறது. அப்பா அனுப்பும் பணம் இங்கே கொஞ்சம் கூடுதலாக வரும். நாம் இங்கிருந்து ரூபாயை மாற்றிக்கொண்டு போனால் கையைக் கடிக்கும். இரண்டும் ஒரே வீட்டில்தான் நடக்கிறது என்று சொன்னேன். நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுத வேண்டியிருந்தது. அப்பாவின் முழுப்பெயரை ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதப் பழகியது அப்போதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது நேரக் கணக்கு. இந்திய திட்ட நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்து. ஒமானுக்கு 60 டிகிரி. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம், ஆக ஒன்றரை மணி நேரம். சரி, அது கடிகாரத்தின் வித்தியாசம். சூரியனுக்கு? எங்கள் குலசேகரம் பக்கம் ஏறத்தாழ 77 டிகிரி, மஸ்கட் 58. 19 டிகிரி, 76 நிமிடம். செப்டம்பர் 22 அன்று இரண்டு ஊரிலும் சூரியன் மறையும் நேரத்தைச் செல்போனில் எடுத்து, ஒமான் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டிக் கழித்தாள். கிட்டத்தட்ட அதே ஒன்றேகால் மணி வந்தது. அன்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்காள் ஓடி வந்துவிட்டார்.

ஆனால் நவம்பரில் அந்த இடைவெளி ஒரு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊர் நகரவில்லையே, ஏன்? டார்ச்சையும் பந்தையும் எடுத்து அரை இரவு உட்கார்ந்தோம். மஸ்கட் கடகரேகைக்குச் சற்று வடக்கே, நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். குளிர்காலத்தில் அவர்களுடைய பகல் நம்முடையதைவிட அதிகம் சுருங்குகிறது, அங்கே சூரியன் சீக்கிரம் மறைகிறது. பந்தைச் சாய்த்துப் பிடித்ததும் அவளே சொல்லிவிட்டாள்.

என் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒமானின் தோஃபார் பகுதியில் குந்திரிக்க மரத்தின் பட்டையைச் சீவி, வடியும் பாலை உறையவிட்டு எடுப்பார்கள் என்று பேத்தி வாசித்துக் காட்டினாள். "ரொம்ப ஆழமா வெட்டினா மரம் போயிரும், அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார் தாத்தா. மஸ்கட்டில் ஒரு பழைய மாதிரிக் கப்பல் நிற்கிறது, பெயர் சோஹார். 1980இல் அங்கிருந்து சீனாவுக்குப் பாய் விரித்துப் போனது. கேரளத்து அயினிப் பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்தது என்றதும் தாத்தா எழுந்து கொல்லைப்புறம் போய், எங்கள் அயினி மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் டிசம்பர் 25க்கான இரண்டு நேரங்கள் இருக்கின்றன. இந்த முறை மஸ்கட்டில் நின்று பார்ப்பது அவளும் அப்பாவும். இங்கே சூரியன் மறைந்ததும் போன் செய்ய வேண்டியவர் தாத்தா. அதற்காக இப்போதே ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறார்.