குண்டூசித் தடம்

வெப்பமண்டல நோய் ஆராய்ச்சியாளர்கள் விட்டுச்சென்ற தாள்களைப் பட்டியலிடுவது என் வேலை. காப்பகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பு நடந்த பக்கத்தைத்தான் கேட்பார்கள். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டாரே, அதுபோன்ற பக்கம். எனக்கோ கூலிக் கணக்குகள்தான் பிடிக்கும். அந்தக் கொசு குடித்தது ஹுசேன் கான் என்ற நோயாளியின் ரத்தம். கடிக்கவிட்ட கொசு ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்தது ஓர் அணா.

பெட்டியைத் திறந்ததும் துருப்பிடித்த குண்டூசிகளை எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தாள் கிழியும். மெல்லிய தகட்டை அடியில் செருகிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஊசி போன பிறகும் பழுப்புத் தடம் நிற்கும். அதை நான் அழிப்பதில்லை. எந்தத் தாள் எதனோடு சேர்ந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ராஸின் தாள்களே லண்டனிலும் கிளாஸ்கோவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு பெட்டிக்குள்ளாவது சேர்ந்ததைச் சேர்த்தே வைக்க வேண்டாமா?

அற்பக் குறிப்பு என்று எதையும் ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு பிளேக் தடுப்பூசியை உருவாக்கிய ஹாஃப்கினின் கதை ஒரு காரணம். 1902 அக்டோபரில் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் அவருடைய பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். பழி அவர் தலையில் விழுந்தது, பதவியும் போனது. ஆனால் இறந்தவர்கள் அனைவருக்கும் மருந்து ஒரே குப்பியிலிருந்து போயிருந்தது. குப்பியின் எண் ‘53-N’. அதைத் திறக்கும்போது உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்தது என்ற விவரம் விசாரணைப் பதிவில் இருந்தது. அப்படியானால் கிருமி புகுந்தது மருந்து தயாரித்த இடத்தில் அல்ல, குப்பியைத் திறந்த இடத்தில். 1907இல் ராஸும் வேறு சில அறிஞர்களும் லண்டன் ‘டைம்ஸ்’ இதழில் அவருக்காக எழுதினார்கள். பழி நீங்க ஐந்தாண்டு ஆயிற்று. ஒரு குப்பி எண்ணையும் கீழே விழுந்த இடுக்கியையும் எவரோ சலிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

நோயாளிகளின் விவரங்களைப் பல பத்தாண்டுகள் மூடிவைப்பது நியாயம்தான். ஆனால் ஆய்வகத்தில் உழைத்தவர்கள் ஏன் மறைய வேண்டும்? கல்கத்தாவில் 1898இல் பறவை மலேரியா ஆய்வின்போது ராஸுக்கு உதவிய முகமது பக்ஸ் போன்றவர்களைச் சொல்கிறேன். என் பட்டியலில் உதவியாளர்களுக்குத் தனி அகரவரிசை உண்டு. சம்பளச் சீட்டில் விரல்ரேகை மட்டும் இருந்தால் ‘பெயரில்லை, கைநாட்டு’ என்று பதிகிறேன். வீண் வேலை என்கிறார் மேலதிகாரி. இதுவரை நீக்கச் சொல்லவில்லை.