மூன்றாம் தரம் சொன்ன பிறகு

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி 7 நிமிடத்துக்கு, எங்கள் வாட்ஸ்அப் ஏலக் குழுவில் நான் வைத்திருந்த தரங்கம்பாடிக் காசு 3,150 ரூபாய்க்கு முடிந்தது. டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியைக் கையில் வைத்திருந்தபோது வெளியிட்ட செப்புக் காசுகளில் ஒன்று அது. ஒரு புறம் மகுடத்துக்குக் கீழே அரசனின் பெயரெழுத்துகள் பின்னிக் கிடக்கும். மறுபுறம் ரோமன் எண்ணில் நான்கு காசு என்று மதிப்பு இருக்கும். என்னிடம் அதே வகையில் இரண்டு இருந்ததால், தேய்மானம் குறைந்த ஒன்றை நிறுத்திக்கொண்டு மற்றதை 1,000 ரூபாய் தொடக்க விலையில் ஏலத்துக்கு விட்டேன். குழுவின் நிர்வாகி வழக்கம்போல "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்" என்று தட்டச்சு செய்து முடித்ததும், எடுத்தவர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். நான் பணம் அனுப்ப வேண்டிய எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அதன் பிறகு மூன்று நாள் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை.

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இணையத்தில் காசு வாங்கி விற்கிறவன் என்ற முறையில், இந்த மௌனம் எனக்குப் புதிதல்ல. ஏலத்தில் எடுத்துவிட்டுப் பின்வாங்குகிறவர்களில் "எனக்கு வேண்டாம்" என்று நேராகச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களிடமிருந்து வருவது தவணை முறையிலான காரணங்கள். "நாளைக்குக் காலையில போட்டுவிட்டுர்றேன் அண்ணே" என்பது முதல் நாள். வங்கியின் சர்வர் வேலை செய்யவில்லை என்பது இரண்டாம் நாள். வெளியூரில் இருக்கிறேன் என்பது மூன்றாம் நாள். ஒருவர் 900 ரூபாய்ப் பொருளுக்கு யுபிஐ வரம்பு முடிந்துவிட்டது என்று எழுதினார். நாளொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அனுப்ப இடமிருக்கும் ஏற்பாட்டில், அன்றைக்கு அவர் மீதி 99,100 ரூபாய்க்கு என்ன வாங்கியிருப்பார் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஏலத்தின் கடைசி ஐந்து நிமிடம் மனிதரை என்ன செய்யும் என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். எங்கள் குழுவில் 9 மணிக்கு முடிவு நேரம் என்றால், கடைசிக் கேட்பு வந்ததிலிருந்து இரண்டு நிமிடம் நீட்டிப்பு உண்டு. கடைசி நொடியில் ஒருவர் புகுந்து தட்டிக்கொண்டு போகாமலிருக்க வைத்த விதி அது. ஆனால் அதுவே இரண்டு பேருக்குள் பிடிவாதத்தைக் கிளப்பிவிடவும் செய்கிறது. 50 ரூபாய், இன்னொரு 50 ரூபாய் என்று ஏறும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது. காலையில் பல் தேய்க்கும்போதுதான் மொத்தத் தொகை நினைவுக்கு வருகிறது. அதற்குள் அதே காசு வேறொரு விற்பனையாளரிடம் 2,000 ரூபாய்க்குக் கிடப்பதையும் அவர் பார்த்திருப்பார். மறுப்புச் சொல்ல வெட்கம், பணம் கட்ட மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அந்த மௌனம்.

ஒருமுறை, நான்கு பொருள்களை ஒரே இரவில் எடுத்தவரின் எண்ணிலிருந்து மறுநாள் அவருடைய அப்பா அழைத்தார். "சார், பையன் பதினொண்ணாவது படிக்கிறான், என் போன்ல பண்ணிட்டான், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. சட்டப்படியும் எனக்கு அங்கே வேலை இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11ஆவது பிரிவில் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் வயது வந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. சிறாரோடு செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1903இல் சொன்ன தீர்ப்பிலிருந்து நிலைத்துவிட்டது. பையனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவனுக்கு ஏன் அந்த நான்கும் பிடித்தன என்று கேட்டேன். சரியான காரணங்களைத்தான் சொன்னான். நான்கில் மிகச் சிறியதை இனாமாக அனுப்பிவைத்தேன். இது வியாபாரம் ஆகாது என்று என் மனைவி சொன்னது நியாயந்தான்.

வேண்டுமென்றே கட்டாமல் விடுகிறவர்களும் உலகத்தில் உண்டு. 2009 பிப்ரவரியில் பாரிசில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில், பெய்ஜிங்கின் பழைய கோடைக்கால அரண்மனையிலிருந்து கொள்ளை போன எலி, முயல் வெண்கலத் தலைகள் இரண்டையும் தொலைபேசி வழியாகக் கேட்டு எடுத்தவர் சாய் மிங்சாவ் என்ற சீனர். ஏல நிறுவனத்தின் கட்டணத்தோடு சேர்த்து அவற்றின் விலை 3 கோடி யூரோவைத் தாண்டியது. எடுத்த பிறகு, பணம் கட்டப் போவதில்லை, இது என் நாட்டுக்கான கடமை என்று அறிவித்தார். தலைகள் 2013இல் பிரெஞ்சுத் தொழிலதிபர் பினோ வழியாகச் சீனாவுக்கே போய்ச் சேர்ந்தன. எங்கள் குழுவில் அவ்வளவு பெரிய காரணம் இருந்து பின்வாங்கியவர் இதுவரை யாருமில்லை.

சட்டம் விற்பவர் பக்கம் இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். இருக்கிறது, ஆனால் 3,150 ரூபாய்க்காக நீதிமன்றப் படியேறுவது, எலியைப் பிடிக்க மலையைக் கெல்லுவது போன்றது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆவது பிரிவில், ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ வேறு வழக்கமான முறையிலோ அறிவிக்கும்போது விற்பனை முடிந்துவிடுகிறது என்றும், அதுவரை கேட்டவர் தம் கேட்பைத் திரும்பப் பெறலாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே எங்கள் நிர்வாகி "மூணுதரம்" என்று போடும் முன்பு பின்வாங்கினால் அது உரிமை, பிறகு பின்வாங்கினால் அது ஒப்பந்த மீறல் என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அதைவிடப் பயனுள்ளது 54ஆவது பிரிவு. பணம் வராத பொருளை மறுபடி விற்கப் போகிறேன் என்று எடுத்தவருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டு, நியாயமான கால அளவு காத்திருந்து விற்றால், விலை குறைந்ததால் வந்த நட்டத்தை அவரிடம் கேட்க முடியும். அறிவிக்காமல் விற்றாலோ, நட்டத்தைக் கேட்க முடியாது என்பது மட்டுமல்ல, மறுவிற்பனையில் லாபம் வந்தால் அந்த லாபமே அவருக்குச் சேர வேண்டியதாகிவிடும். வழக்குப் போடும் எண்ணமே இல்லாதவரும் நாளிட்ட ஒரு செய்தியை அனுப்பிவைப்பது அதனால்தான் நல்லது.

நான் செய்வது இதுதான். 48 மணி நேரம் எதுவும் பேச மாட்டேன். அது கழிந்ததும் ஒரே ஒரு நினைவூட்டல், அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், விலக வழியும் திறந்தே வைத்திருப்பேன்: "ஏதேனும் சிரமம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்." இந்த வரியைச் சேர்த்த பிறகுதான், மௌனமாக இருந்தவர்களில் பாதிப் பேராவது "மன்னிச்சிருங்க அண்ணே, இந்த மாசம் முடியாது" என்று பதில் போட ஆரம்பித்தார்கள். எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான்; பணம் வராது என்பது உறுதியாகிவிட்டால் பொருளை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். பதிலே வராவிட்டால் ஐந்தாம் நாள், இன்ன தேதிக்கு மேல் மறுபடி விற்பேன் என்று எழுதிவிட்டு அதோடு முடித்துக்கொள்வேன். இரண்டாவது நினைவூட்டல், மூன்றாவது நினைவூட்டல், தொலைபேசி அழைப்பு என்று துரத்தி வாங்கிய பணத்தில் வந்த விற்பனைகள் எனக்கு நன்றாக முடிந்ததே இல்லை. வேண்டாவெறுப்பாக வாங்கியவர் பெட்டியைப் பிரிக்கும்போதே குறை தேடுவார். விளிம்பில் நான் படத்திலேயே காட்டியிருந்த கீறலைச் சுட்டித் திருப்பியனுப்புவார், அஞ்சல் செலவும் என் தலையில் விழும்.

சில குழுக்களில் பணம் கட்டாதவரின் எண்ணையும் முகப்புப் படத்தையும் எல்லோருக்கும் தெரியும்படி போட்டு ஏசுகிற வழக்கம் இருக்கிறது. நான் அதற்கு எதிரானவன், அதற்குக் காரணமும் என் அவசரந்தான். ஒருவரைப் பற்றிக் குழுவில் நான் காட்டமாக எழுதிய நான்காம் நாள், அவருடைய அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்த செய்தி தெரிந்தது. அவர் அதைச் சொல்லிக்காட்டக்கூட இல்லை. பணத்தை அனுப்பிவிட்டுக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். இப்போதெல்லாம் நிர்வாகியிடம் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

தரங்கம்பாடிக் காசுக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் அறிவிப்பும் போய், தேதியும் கடந்த பிறகு, அதை இரண்டாவதாகக் கேட்டவருக்குக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. அவர் கடைசியாகக் கேட்டது 3,100 ரூபாய். "அவரு கேட்ட விலைதானே, அதுக்கே குடுங்க" என்றார் நிர்வாகி. ஈபேயில் இரண்டாம் வாய்ப்பு என்று இருக்கும் வசதியும் இப்படித்தான், அடுத்த நிலையில் இருந்தவருக்கு அவருடைய உச்சக் கேட்பு விலையிலேயே பொருளைத் தர முன்வருகிறது. ஆனால் எனக்கு அது உறுத்தியது. ஏலப் பதிவை மேலே தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தேன். மூன்றாவதாக இருந்தவர் 1,600 ரூபாயோடு ஒதுங்கிவிட்டார். அதற்கு மேல் ஏறியதெல்லாம் இந்த இருவருக்குள் நடந்த போட்டி. பணம் கட்டாதவர் அன்றைக்கு வராமலே இருந்திருந்தால், இரண்டாமவர் 1,650 ரூபாய்க்குக் காசை எடுத்திருப்பார். கட்டாத ஒருவரின் கேட்பு செல்லாது என்று நானே அறிவித்துவிட்டு, அந்தச் செல்லாத கேட்புகள் ஏற்றிவிட்ட 1,450 ரூபாயை மட்டும் இன்னொருவரிடம் வசூலிப்பது எப்படிப் பொருந்தும்? அதிலும், விற்பவரே தம் ஆளை விட்டு விலையை ஏற்றிவிட்டு, கடைசியில் அந்த ஆள் மறைந்ததும் இரண்டாமவரிடம் வந்து நிற்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். நான் அப்படிச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். எதிரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு மறுபேச்சும் உண்டு. 3,100 வரை போக அவர் மனம் ஒப்பியதே, அந்த விலை அவருக்குத் தகும் என்பதற்குச் சாட்சி என்று ஒரு நண்பர் வாதாடினார். எனக்கு அது முழுதாக ஏற்கவில்லை. போட்டி இருந்ததாலேயே அந்தக் காசு அவருக்கு அத்தனை அருமையாகத் தெரிந்திருக்கலாம். கணக்கை மறைக்காமல் அப்படியே எழுதி, 1,650 ரூபாய்க்குத் தருகிறேன் என்று அனுப்பினேன். விலை பாதியாகக் குறைந்ததில் அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தால், அவரிடமிருந்து வந்த முதல் கேள்வி: "அவரு ஏன் சார் வேணாம்னாரு? காசுல ஏதும் குறையா?" பின்வாங்குகிறவர் விட்டுப்போகும் பெரிய சேதம் இதுதான். நல்ல பொருளின் மேலேயே ஒரு சந்தேகம் படிந்துவிடுகிறது. காசை மின்னணுத் தராசில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும்படி ஒரு நிமிடக் காணொளி எடுத்து அனுப்பினேன். பத்தாவது நிமிடம் பணம் வந்தது.

முன்பணம் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். வாராக்கடனுக்காக வங்கிகள் விடும் சொத்து ஏலத்தில் அப்படித்தான். எடுத்தவர் விலையில் 25 சதவீதத்தை அன்றே, அல்லது அடுத்த வேலைநாளுக்குள் கட்டிவிட வேண்டும், மீதியைக் குறித்த கெடுவுக்குள் கட்டத் தவறினால் அந்த 25 சதவீதமும் போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தத் தொகை முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்வது சரியே என்று தீர்ப்புச் சொன்னது. நம் ஊர் ஏலச்சீட்டிலும் தள்ளி எடுத்தவரிடம் ஜாமீன் கேட்காமல் பணம் கொடுப்பார்களா? ஆனால் 200 ரூபாய்க் காசு கேட்க வருகிற மாணவரிடமும் முன்பணம் கேட்டால் குழுவே காலியாகிவிடும். எனவே எங்கள் நிர்வாகி நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். ஒருமுறை காரணமில்லாமல் பின்வாங்கியவர் மட்டும் அடுத்து ஏலம் கேட்பதற்கு முன் 500 ரூபாயை நிர்வாகியிடம் வைப்பாக வைக்க வேண்டும். மூன்று கொள்முதல் ஒழுங்காக முடிந்ததும் அது திரும்பிவிடும்.

ஐப்பசியில், அதே ஆவணிக்காரர் ஒன்றுமே நடக்காததுபோல் என் தனிச் செய்திக்கு வந்து, "அண்ணே, அந்த தரங்கம்பாடி காசு இன்னும் இருக்கா?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். எத்தனைக்குப் போனது என்று கேட்டார், அதையும் சொன்னேன். சற்று நேரம் தட்டச்சு செய்வதாகவே காட்டிக்கொண்டிருந்தது, எதுவும் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, நிர்வாகியின் கணக்கில் அவர் 500 ரூபாய் வைத்திருந்தார். அன்றிரவு மூன்று பொருள்களுக்கு ஏலம் நடந்தது. அவர் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார், எதையும் கேட்கவில்லை.