கிசுமு முகாமில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மூன்று நாள்

கென்யாவின் கிசுமு நகரில் நடந்த கண்புரை அறுவை சிகிச்சை முகாமுக்குப் போய்விட்டுத் திருநெல்வேலி திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பத்து நாள் முகாம், அதில் முதல் மூன்று நாள் நான் ஒரு கண்ணைக்கூடத் தொடவில்லை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

நாட்டுக்குள் நுழைவது சுலபம். 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக ஆன்லைனில் இ-டிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி, அவ்வளவுதான். சிக்கல் மருத்துவப் பதிவில்தான். இலவசமாக ஒரு வாரம் வேலை பார்க்க வந்தாலும் அந்நாட்டு மருத்துவ கவுன்சிலின் தற்காலிக உரிமம் வேண்டும். அதற்கு நம் ஊரிலிருந்து குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட், அதாவது நம் பதிவு செல்லும், நம் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்ற சான்று போக வேண்டும், அதுவும் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். என்னிடம் பழையது ஒன்று இருந்ததால் முதலில் அதை அனுப்பினேன், ஒரு மாதம் கழித்துப் புதியதை வாங்கி அதையும் அனுப்பினேன். என்னை அழைத்த அமைப்பு பழையதையே விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டது. "இது செல்லாது" என்று வந்த பதில் அவர்கள் மெயிலில் இரண்டு வாரம் திறக்கப்படாமலே கிடந்திருக்கிறது. நான் கேட்டபோதெல்லாம் "எல்லாம் ரெடி டாக்டர், நீங்கள் வந்தால் போதும்" என்றுதான் சொன்னார்கள்.

முதல் நாள் காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே மருத்துவமனைப் பொறுப்பாளர் நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரி. உரிமம் இல்லாத வெளிநாட்டு மருத்துவரை நம் ஊரில் மட்டும் கத்தியைத் தொட விடுவோமா? ஆனால் வெளியே பெஞ்சில் முந்தின இரவே வந்து படுத்திருந்த வயதானவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருவது இருக்கிறதே, அது கொடுமை. புதிய சான்றின் அசல் என் கைப்பையில் இருந்ததால் பிழைத்தேன். அன்றே ஸ்கேன் செய்து ஏற்றினோம், மூன்றாம் நாள் மாலை உரிமம் வந்தது. தயவுசெய்து விண்ணப்ப எண்ணை நீங்களே கேட்டு வாங்குங்கள், உரிமத்தைக் கண்ணால் பார்த்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

அந்த மூன்று நாளில் மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கினேன். நன்கொடையாக வந்த சொட்டு மருந்தில் பாதி இன்னும் இரண்டு மாதத்தில் காலாவதி. போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அனுப்புகிறவர்கள் தேதியைக்கூடப் பார்க்கமாட்டார்களா?

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அதற்கான சான்று அட்டை செல்லும். அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருப்பதால் மையங்கள் குறிப்பிட்ட கிழமைகளில்தான் போடுகின்றன. போன் செய்யாமல் ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன், ஒரு வாரம் கழித்து மறுபடியும் அலைச்சல். அட்டையில் பாஸ்போர்ட் எண்ணையும் சரிபாருங்கள்.

அப்புறம் பிளக். அங்கே சதுர முனை, நம் மைக்ரோஸ்கோப்புக்கு உருண்டை முனை. நல்ல அடாப்டர் நான்கைந்து கொண்டுபோங்கள். அறுவையின்போது நோயாளிகளிடம் சொல்ல "அங்காலியா சினி", அதாவது கீழே பாருங்கள் என்று சுவாஹிலியில் பழகிப் போயிருந்தேன். பாட்டிகள் பலருக்கு அந்தப் பகுதி மொழியான லுவோ மட்டுமே தெரிந்தது, பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் காப்பாற்றினார்.

ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நாம் கிளம்பிய பிறகு அந்தக் கண்களை யார் பார்ப்பார்கள்? எங்கள் முகாமில் இது மட்டும் நன்றாக அமைந்தது. கண்புரை அறுவையில் பயிற்சி பெற்ற உள்ளூர் கிளினிக்கல் ஆபீசர் (டாக்டர் பட்டம் இல்லாமல் சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்) ஒருவர் முதல் நாளிலிருந்தே எங்களோடு இருந்தார். போன வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. நான் அறுவை செய்த ஒரு பாட்டிக்குக் கண் அழுத்தம் ஏறியிருந்ததாம், மறு பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்து கொடுத்துவிட்டார். இப்போது பார்வை நன்றாக இருக்கிறதாம்.