பொருள்: அதிகாலை மலர் பறிப்பு – தொடர்பாக

எங்கள் நலச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் விடிகாலையில் முருகன் படம் வரும், ரோஜாப்பூவோடு குட்மார்னிங் வரும், பால்காரருக்கு இன்று லீவா என்ற கேள்வி வரும். இந்தத் திங்கட்கிழமை மூன்றாம் குறுக்குத் தெரு மாமி ஒரு மொட்டைச் செடியைப் படமெடுத்துப் போட்டார். நந்தியாவட்டை. ஒரு பூ இல்லை. கீழே, "இதற்கு சங்கம் ஒரு முடிவு கட்டாவிட்டால் நான் சந்தா கட்ட மாட்டேன்." மாமி போன வருஷச் சந்தாவும் கட்டவில்லை என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அதாவது தெருவுக்கே தெரியும்.

பூத்திருட்டு எங்களுக்குப் புதிதில்லை. அதுவும் மார்கழியில் மல்லி விலை ஏறுகிற ஏற்றத்தில், யார் கடையில் வாங்குவார்கள்? வாக்கிங் போகிற பெரியவர்கள் ஒரு கையில் பால் பாக்கெட்டும் இன்னொரு கையில் மஞ்சள் பையுமாகக் கிளம்புவார்கள். காம்பவுண்டுக்கு வெளியே நீண்ட கிளை பொதுச் சொத்து. கையில் தொரட்டி இருப்பவர்களுக்கு உள்ளே இருக்கும் கிளையும் பொதுச் சொத்து. பறிகொடுத்தவர்கள், "திருட்டுப் பூவில் பூஜை பண்ணினால் புண்ணியம் செடி வைத்தவனுக்குத்தான்" என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் என் மாமியார் இந்நேரம் மோட்சத்துக்கு முன்பதிவே செய்திருக்க வேண்டும்.

ஆனால் புகார் எழுத்தில் வந்துவிட்டதே. எழுத்தில் வந்தால் தலைவர் மாமா சும்மா இருக்க மாட்டார். முப்பது வருஷம் அரசாங்கத்தில் ஃபைல் பார்த்த கை. மாலைக்குள் கடிதம் தயார்.

"பொருள்: அதிகாலை வேளையில் அனுமதியின்றி மலர் பறிப்பு – தடுத்து நிறுத்தல் – தொடர்பாக.
பார்வை: 1. மூன்றாம் குறுக்குத் தெரு உறுப்பினரின் வாட்ஸப் பதிவு. 2. வாய்மொழிப் புகார்கள் (பல)."

நகல் யாருக்குத் தெரியுமா? நோட்டீஸ் போர்டுக்கும் பிள்ளையார் கோயில் குருக்களுக்கும். பாவம் குருக்கள், "எனக்கு எதுக்கு சார் நகல்? நான் காசு கொடுத்துத்தான் பூ வாங்கறேன்" என்று ராத்திரி எட்டு மணிக்கு பில்லோடு வந்து நின்றார்.

கடிதம் அடித்த லெட்டர்பேடைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள் அல்லவா, அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் சங்கம் 'பேரூராட்சி' என்று போட்டு ஒரு கட்டு லெட்டர்பேடு அச்சடித்திருந்தது. வீணாக்கலாமா? இன்றுவரை ஒவ்வொரு தாளிலும் 'பேரூராட்சி'யைப் பேனாவால் அடித்து, மேலே 'மாநகராட்சி' என்று கையால் எழுதித்தான் கடிதம் போகிறது. அடித்து எழுதுவது இணைச் செயலாளரின் பொறுப்பு. இணைச் செயலாளர் என் வீட்டுக்காரர்.

அவர் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டவர் இல்லை. 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். பொதுக்குழுவுக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், சேராது. சேராவிட்டால் அரை மணி நேரம் தள்ளிவைத்து, அதே இடத்தில் அதே ஆட்களை வைத்துக் கூட்டினால் செல்லும் என்று எங்கள் விதியில் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் வெங்காய போண்டா வந்தது. இவர் போண்டாவுக்காக உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது இணைச் செயலாளர்.

சரி, கதைக்கு வருகிறேன். கேமரா பார்க்கலாம் என்று செயற்குழு முடிவெடுத்தது. 2018 வாக்கில் சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று ஊர் முழுக்க கேமரா வைக்கச் சொன்னபோது நாங்களும் வசூல் பண்ணி வைத்தோம். முனை காலி மனையில் ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பை கொட்டுகிற புண்ணியவானைப் பிடிப்பதுதான் அதன் பிறவி நோக்கம். இதுவரை பிடித்தது பூனைகளை மட்டும். ரெக்கார்டர் பெட்டி தலைவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய செருப்புகளோடு குடியிருக்கிறது. பாஸ்வேர்டு முன்னாள் துணைத் தலைவரிடம். அவர் பேரனைப் பார்க்க நியூஜெர்சி போயிருக்கிறார். அங்கே அவர்கள் எழுந்திருக்கும்வரை இங்கே ஐந்து பெரிய மனிதர்கள் செருப்புகளுக்கு நடுவே காத்திருந்தார்கள். கடைசியில் பாஸ்வேர்டு சங்கத்தின் பதிவு எண்தானாம். லெட்டர்பேடிலேயே அச்சடித்திருக்கிறது.

கரண்ட் போய்ப் போய் வந்ததில் பெட்டியின் தேதி பின்னோக்கி ஓடியிருந்தது. அதன் கணக்குப்படி எங்கள் பூ திருடு போனது 2000 ஜனவரியில். அப்போது இங்கே தெருவே கிடையாது, வயல். அது போகட்டும் என்றால், படம் பூராவும் வெள்ளைக் கோடு. இருட்டில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வருமாம், பூச்சியைத் தேடிச் சிலந்தி வருமாம். அது லென்ஸுக்கு முன்னால் வலை பின்னி, நடுவில் உட்கார்ந்துகொண்டு, திரையில் ஒரு யானை அளவுக்குத் தெரிந்தது. அதன் கால்களுக்கு இடையில் யாரோ தொரட்டியோடு வருவது மங்கலாகத் தெரிகிறது. நைட்டி, மேலே துண்டு, தலையில் குரங்குக் குல்லா. மார்கழிப் பனிக்கு எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அதுதான் யூனிஃபார்ம்.

"யாருன்னே தெரியலையே சார்" என்று பொருளாளர் சொல்லி வாய் மூடவில்லை. அந்த உருவம் கம்பத்தை அண்ணாந்து பார்த்தது. தலையில் அடித்துக்கொண்டது. தொரட்டியை உயர்த்தி, கேமராவில் இருந்த ஒட்டடையைச் சுத்தமாக எடுத்துவிட்டது. சிலந்தி போயே போச்சு. ஊரில் எந்த ஸ்டூடியோவிலும் அவ்வளவு தெளிவாக யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள்.

செயலாளர் பாட்டி.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து, எங்கள் தெருவில் ஒரு மரம் மிச்சமில்லாமல் சாய்ந்ததே, அதற்கடுத்த மாதம் பாட்டியின் வீட்டுக்காரர், அப்போது சங்கச் செயலாளராக இருந்த தாத்தா, தனக்கு வந்த பென்ஷனில் கன்று வாங்கிவந்து, வாசலுக்கு வாசல் அவரே குழி வெட்டி வைத்தார். நந்தியாவட்டை, பவளமல்லி, செம்பருத்தி, யாருக்கு எது என்று அவரே முடிவு பண்ணினார். எனக்குப் பவளமல்லி வேண்டும் என்று கேட்டேன், உன் வாசலில் வெயில் அதிகம் என்று செம்பருத்தி வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு சங்கம் வளர்ந்தது, கன்றுகளும் வளர்ந்தன. எந்தச் செடி யார் வைத்தது என்று மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை. மூன்றாம் குறுக்குத் தெரு மாமியோ அதற்குப் பிறகு குடிவந்தவர்.

பாட்டியிடம் யார் பேசுவது? தலைவர் மாமாவுக்கு திடீரென்று மூட்டுவலி. பொருளாளருக்கு பேங்க் வேலை. கடைசியில் இவர். தனியாகப் போக பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பாட்டி பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். இவர் எச்சிலை விழுங்கி, "பாட்டி, ஒரு சின்ன விஷயம், சங்கத்துல..." என்று ஆரம்பித்தார்.

"வாப்பா, நானே வரணும்னு இருந்தேன். என்ன சங்கம் நடத்தறீங்க? கேமரா பூரா ஒட்டடை. திருடன் வந்தா எப்படிப்பா தெரியும்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தாத்தா படத்தைப் பார்த்தேன்.

"அப்புறம் அந்த மூணாம் தெருக்காரி நந்தியாவட்டைக்குத் தண்ணியே ஊத்தறதில்லை. நான்தான் போற போக்கில ஒரு சொம்பு ஊத்தறேன். ஏம்மா, உன் செம்பருத்தியில மாவுப்பூச்சி, பார்த்தியா? தண்ணியில கொஞ்சம் வேப்பெண்ணெயும் துளி சோப்பும் கலந்து அடி. நாலு நாளா சொல்லணும்னு இருக்கேன், நீதான் எட்டு மணிவரைக்கும் தூங்கறியே."

வாசல்வரை வந்து, ஆளுக்கு ஒரு முழம் கொடுத்து அனுப்பினார். என் தலையில் இருந்தது மூன்றாம் குறுக்குத் தெருப் பூ என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்கு வந்தோம்.

அன்றிரவே அவசரச் செயற்குழு. தீர்மானத்தை இவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன்: "மூன்றாம் குறுக்குத் தெரு முனையிலுள்ள கேமராவை, தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டு, மேற்குத் திசை நோக்கித் திருப்பிவைக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது." மாமிக்கு, "நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் போயிற்று.

இப்போது கேமரா ராப்பகலாக டிரான்ஸ்பார்மரைக் காவல் காக்கிறது. விஷயம் எப்படியோ அந்தக் குப்பைப் புண்ணியவானுக்கும் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவான், நேற்று ஒரு முழு மெத்தையைக் கொண்டுவந்து நிதானமாக விரித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இதில் அடுத்த மாதத்திலிருந்து சந்தா இருபது ரூபாய் ஏறுகிறதாம். கேமரா பராமரிப்புக்கு.