திருந்தாத ஒருத்தியின் விண்வெளிக் கதை

பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே பள்ளிப் பாடநூல்களுக்கும் மலாய்க் காதல் நாவல்களுக்கும் நடுவில் முதுகு கிழிந்த ஒரு காமிக்ஸ் தொகுப்பு கிடந்தது. கடைக்காரர் பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், பத்துக்குக் கொடுத்தார். அட்டையில் விமானி தொப்பியும் கண்ணாடியும் மாட்டிய ஒரு பெண், முகத்தில் நம்ப முடியாத ஒரு சிரிப்பு. 'டாக்டர் ஆஃப்ரா'. ஸ்டார் வார்ஸ் கதைதான், ஆனால் படங்களில் பார்த்த யாரும் இவளுக்கு நல்ல நண்பர்கள் இல்லை.

இவள் தொல்லியல் ஆய்வாளர். பழைய கல்லறை, பூட்டிய பெட்டகம், யாரும் தொடக்கூடாது என்று எழுதி வைத்த ஆயுதம், இதெல்லாம் கண்ணில் பட்டால் போதும், எடுத்து ஓட்டிப் பார்ப்பாள், இல்லையென்றால் விற்றுவிடுவாள். அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வராது. பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த 'டாக்டர்' கூடக் கோல்மால்தான். அதைப் பல்கலைக்கழகத்தில் போட்டுக் கொடுப்பது யார் தெரியுமா? பெற்ற அப்பா. தன்னோடு ஒரு தேடலுக்கு வந்தால் புகாரை விட்டுவிடுகிறேன் என்று மகளிடமே பேரம் பேசுகிறார். குடும்பமே அப்படி.

எங்கள் தாய்மாமா ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் லயன், முத்து காமிக்ஸ் கட்டுக் கட்டாகக் கொண்டு வருவார், நான் வளர்ந்ததே அதில்தான். அதில் வந்த இரும்புக்கை மாயாவி தொடக்கத்தில் திருடன் என்பதும், ஸ்பைடர் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று கிளம்பியவன் என்பதும் அந்தக் காலத்து வாசகர்களுக்கு மறந்திருக்காது. ஆனால் இரண்டு பேரும் சீக்கிரமே திருந்திவிட்டார்கள். திருந்தியதும் ஸ்பைடரில் எனக்குப் பாதி ருசி போய்விட்டது, உண்மையைச் சொன்னால் என்ன. ஆஃப்ரா திருந்துவதில்லை. திருந்தப் போகிறாள் என்று நாம் நினைக்கிற பக்கத்தைப் புரட்டினால் அடுத்த பக்கத்தில் யாரையாவது விற்றிருப்பாள். அவளுக்கு மனசு இல்லை என்று சொல்ல முடியாது, அழுகிறாள், வருத்தப்படுகிறாள், துரத்தி வரும் ஏகாதிபத்திய அதிகாரி மேக்னா டோல்வனைக் காதலிக்கவும் செய்கிறாள். எல்லாம் செய்துவிட்டு அப்புறமும் விற்கிறாள். கதை அவளுக்காக ஒரு இடத்திலும் வக்கீல் வேலை பார்க்காததுதான் எனக்குப் பிடித்தது.

எங்கிருந்து தொடங்குவது? நான் வாங்கிய மாதிரி அவளுடைய தனித் தொடரிலிருந்து தொடங்காதீர்கள். 2015இல் கீரன் கில்லன் எழுதி சல்வடோர் லரோக்கா வரைந்த, படங்களின் முகமூடி வில்லனைப் பற்றிய 'டார்த் வேடர்' தொடர் 25 இதழ்கள், அதில் 3ஆவது இதழில்தான் இவள் அறிமுகம். முதல் படத்துக்கும் 'எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்துக்கும் இடையில் நடக்கும் கதை. பேரரசின் பிரம்மாண்ட ஆயுதமான டெத் ஸ்டார் வெடித்ததில் பேரரசரிடம் மரியாதை இழந்த வேடருக்கு ரகசியமாக வேலை பார்க்க ஓர் ஆள் வேண்டும், இவளைப் பிடிக்கிறார்.

அங்கே ஒரு காட்சி. வேலை முடிந்ததும் வேடர் தன்னைக் கொன்றுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும், அதை அவரிடமே சொல்கிறாள். ஒரே ஒரு வேண்டுகோள்: லைட்சேபரால் (ஒளிவாள்) கழுத்தில் ஒரே போடு, சட்டென்று முடித்துவிடுங்கள், விண்வெளியில் மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், சின்ன வயதிலிருந்தே அதுதான் எனக்குப் பயம். வேடர் எதுவும் சொல்வதில்லை. அந்த முகமூடியை மட்டும் வரைந்து விட்டிருக்கிறார்கள், நாம்தான் உற்று உற்றுப் பார்க்கிறோம். இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொண்டு 25ஆவது இதழுக்கு வாருங்கள். தனித் தொடர் வந்திருப்பதால் பிழைத்துவிடுகிறாள் என்பது ரகசியமில்லை, எப்படி என்பதை நான் சொல்லமாட்டேன். படித்து முடித்ததும் அந்த முதல் பேச்சைத் தேடி மறுபடி ஓடினேன்.

இரண்டு ரோபோக்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். படங்களில் வரும் தங்க நிற மொழிபெயர்ப்பு ரோபோவையும் அதன் உருளைத் தோழனையும் கறுப்பாக்கி, மனசையும் கறுப்பாக்கினால் டிரிப்பிள் ஸீரோவும் பீட்டீ ஒன்றும் கிடைக்கும். டிரிப்பிள் ஸீரோ தன் திறமைகளை அடக்கமாகப் பட்டியலிடும்: நடத்தை நெறி, பழக்கவழக்கம், மொழிபெயர்ப்பு, சித்திரவதை. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கிறவர் மாதிரியே பேசிக்கொண்டு ஒருவனின் ரத்தத்தை வடித்துக்கொண்டிருக்கும். ஃபெர்ரியில் படித்துக்கொண்டு வந்தபோது ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்திலிருந்த அம்மா எட்டிப் பார்த்தார், அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

தனித் தொடர் 2016 டிசம்பரில் தொடங்கி 2019 டிசம்பரில் 40 இதழ்களோடு முடிந்தது. முதலில் கில்லனும் கெவ் வாக்கரும், இடையிலிருந்து சைமன் ஸ்பரியர் எழுத்து. பேராசை பிடித்து ஒரு பழங்காலப் பொருளைப் பெரிய பெரிய ரௌடிகளைக் கூட்டி ஏலம் விடும் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏலம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். தொகுப்பாக வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: முதல் தொகுப்பு 6ஆவது இதழோடு முடியும், இரண்டாவது 9இல் தொடங்கும். நடுவில் இருக்கும் 7, 8 இரண்டும் 'ஸ்கிரீமிங் சிட்டடெல்' என்ற இன்னொரு புத்தகத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன. நான் பக்கம் கிழிந்திருக்கிறது என்று நினைத்து அட்டையைப் பிரித்தே பார்த்தேன். மீதித் தொகுப்புகளை கோலாலம்பூர் போனபோது கேஎல்சிசி கினோகுனியா புத்தகக் கடையில் ஒவ்வொன்றாகப் பிடித்தேன்.

2020இல் அலிசா வாங் எழுதித் தொடங்கிய இரண்டாவது தொடரும் 40 இதழ்கள். மோசமில்லை. ஆனால் அதற்குள் ஆஃப்ராவைச் சுற்றி நல்லவர்கள் கொஞ்சம் அதிகமாகிவிட்டார்கள், எனக்கு அவள் தனியாக மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தம் இருக்கிறது. பதினாறு, பதினேழு என்றால் சரி. அப்படித்தான் அக்கா மகனுக்கு அந்த முதுகு கிழிந்த தொகுப்பைக் கொடுத்தேன். இரண்டு மாதமாகத் திரும்பி வரவில்லை. போன ஞாயிறு பசியாற வந்தபோது கேட்டேன். ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறான், "சூப்பர் கதை மாமா, கூட்டாளி ஒருத்தனுக்குப் பதினஞ்சு வெள்ளிக்கு வித்துட்டேன்."